மூணு நிமிசம்

போடிநாயக்கனூரில் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே மனுசன் ‘மூணு நிமிசம்’ மாமாதான். மற்ற எல்லோரும் பொய்யர்கள். என்னையும் சேர்த்து.

விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்து ஒரு தண்ணி லாரி வாங்கினார். போடிமெட்டு ஏறும் ரோட்டில், நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கொஞ்சம் கீழே அவர் லாரி நிறுத்தும் செட்டு. லாரி எப்போதும் மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கும். கதவடியில் பூட்ஸ். அதன் மேலேயே பேண்ட்டைச் சுருட்டி இறக்கி வைத்திருப்பார். காலை விட்டுத் தூக்கினால் உடுத்தியாச்சு.

தண்ணி லோடு அடிக்க எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

“மணி அடிச்சா மூணு நிமிசத்துல விமானத்துக்கிட்ட நிக்கணும் மாப்ளே. பழகிப்போச்சு.”

அந்த ஆள் பேச்சு எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கூரை மேல் பீரங்கி மாதிரி ஒரு குழாயாம். டிரைவர் பக்கத்திலிருந்தே திருப்பலாமாம். எண்ணெய்த் தீயில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பரவுமாம். அதனால் நுரை அடித்துப் போர்வை போல மூடுவார்களாம்.

“மத்த வண்டி நின்னுதான் அடிக்கும். எங்க வண்டி ஓடிக்கிட்டே அடிக்கும்.”

“யோவ் மாமா, ஒண்ணுக்கு அடிக்கவே நிக்கணும்யா! சரி, எத்தன விமானத்த அணைச்ச?”

“ஒண்ணும் எரியல.”

“பெறகு இத்தன வருசமா என்ன சோலி பாத்த?”

“தயாரா இருந்தேன்.”

பைலட்டுக்கு வேலையில் கடைசி நாள் என்றால் இரண்டு வண்டிகள் இரு பக்கமும் நின்று தண்ணீரை வளைவாக அடிக்குமாம். விமானம் அதற்குள் புகுந்து வருமாம்.

“ஒனக்கு அடிச்சாங்களா?”

“டிரைவருக்கெல்லாம் யாரு மாப்ளே அடிக்கிறா?”

ஒரு மத்தியானம் என் ஸ்டோரில் அடுப்புப் பொறி பறந்து விறகுக் குவியல் பற்றிக்கொண்டது. உள்ளே அந்த வருசத்துக் காய் மொத்தமும். போனில் கத்தினேன். மாமா வந்தார். கூரையைத் தொடும் முன் தீயை அணைத்தார். காய் தப்பியது. நன்றி சொல்லப் போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்.

“அதான் அணைச்சாச்சே, பெறகென்ன?”

“நாலு நிமிசம் ஆயிருச்சு மாப்ளே. லாரிய மறிச்சு ஒரு ஜீப்பு நின்னுச்சு. டயருக்கடியில கல்லு வேற. உருவவே ஒரு நிமிசம் போச்சு.”

மலையில் எல்லோரும் ஜீப்பு டயருக்குக் கல் வைப்போம். அதற்காக வழியிலா நிறுத்துவது? எனக்கு ரத்தம் கொதித்தது.

“எந்த மடையன்யா அங்க நிறுத்துனது?”

“ஒன் ஜீப்புதான். இப்ப ஓடையில கெடக்கு.”

போன மாதம் கண் பார்வை குறைந்து லாரியை விற்க முடிவு செய்தார். கடைசி லோடு இறக்கிவிட்டு வரும்போது, ரோட்டின் இரு பக்கமும் இரண்டு தண்ணி லாரிகளை நிறுத்தி ஹோஸால் வளைவாக அடிக்க வைத்தேன். பாதித் தண்ணீர் என் மேல்தான் விழுந்தது. மாமா நிற்கவில்லை. வைப்பரைப் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே புகுந்து போனார்.

ஈரத்தோடு செட்டுக்குப் போனேன். லாரி மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றது. மாமா இறங்காமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாரியின் முன்கண்ணாடி காய்ந்துவிட்டிருந்தது. வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.