பெட்டியில் ஒட்டிய புதுப் பார்ட்டி

ஆம்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை பிரேம்நாத் அவர்களுக்கு,

மாமா டேனியலின் தோத்திரம். ஆண்டவர் கிருபையால் இங்கே சரீர சுகத்துக்குக் குறைவில்லை. மகள் நிஷாவுக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம். போனில் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே முறைப்படி எழுதுகிறேன்:

1. லேபிளில் நான் செய்த பிழை.
2. அதனால் உங்கள் பெயருக்கு வந்த கேடு.
3. நீங்கள் சொன்ன வழியும் இந்த மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் பலிக்காது என்பது.
4. நான் வேலையை விடுவது.

கம்ப்யூட்டர் வேலையிலிருந்து ரிட்டயரான என்னை இந்த ஷூ கம்பெனியில் சேர்த்துவிட்டவர் நீங்கள். கம்ப்யூட்டர் மானேஜர் ஃபிர்தௌஸ் உங்கள் காலேஜ் தோஸ்த். லேபிள் அச்சடிக்க மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளை வரிகளுக்கு ஜாப் என்று பெயர். அதன் தலைப்பில், சரக்கு யாருக்குப் போகிறதோ அவர் பெயரை ஒரு வேரியபிளில் வைக்கிறோம். அதைப் புரோகிராமுக்குள் எடுக்க வழி கேட்டபோது, "ஜாப்ல எக்ஸ்போர்ட்னு ஒரு வரி போட்டு அதைப் புரோகிராமுக்குத் திறந்துவிடுங்க மாமா, புரோகிராம்லருந்து கூப்பிட்டுக் கேட்டா பேர் வந்துடும்" என்றீர்கள். என் சர்வீஸில் கேள்விப்படாத விஷயம். பயந்துபோய், புரோகிராம் படிக்கிற டேட்டா வரியிலேயே &BUYER என்று எழுதிவைத்தேன், மெஷின் அங்கே பெயரை நிரப்பிவிடும் என்று. டேட்டா வரியை மெஷின் தொடாதாம். எழுதினதை அப்படியே அச்சடித்துவிட்டது. நானும் சோதிக்காமல் இல்லை. எண்ணிக்கை பார்த்தேன், ஓரம் பார்த்தேன், பெயரை மட்டும் படிக்கவில்லை.

லோடிங் மேஸ்திரி நயீம் அகமது வந்து, "இன்னா சார், யாரு இந்த அண்ட் பையர்? புதுப் பார்ட்டியா? மொத்த சரக்கையும் அவனே வாங்கிட்டானே!" என்கிறார். அதற்குள் லாரி வாலாஜாபேட்டை தாண்டிப் போய்ட்டுது. ஃபிர்தௌஸ் போன் போட்டுத் திருப்பினார். எல்லாப் பெட்டியையும் இறக்கி லேபிள் கிழிக்கிறாங்க, ஒரே பேஜார். என்னை அவர் திட்டவில்லை. "பிரேமோட மாமனாராச்சே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் ராத்திரி சோறாவது இறங்கியிருக்கும்.

வெட்கத்தை விட்டு உங்கள் வழியிலும் செய்து பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக வந்தது. நயீம் பார்த்துட்டு, "போன பார்ட்டிக்காச்சும் பேர் இருந்துச்சு சார்" என்றார்.

என்னால் உங்கள் நட்பு கெடக்கூடாது. நான் நின்றுவிடுவதை நீங்களே ஃபிர்தௌஸிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கம்மி.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்துக்கொள்வாராக.

தலைகுனிவுடன்,
மாமா டேனியல்

பின்குறிப்பு: மூன்றாவதை நிரூபிக்க ஜாப்பின் வரிகளை இங்கே நகலெடுக்க உட்கார்ந்தேன். பெயர் வைக்கும் வரி மேலே, எக்ஸ்போர்ட் வரி கீழே. பெயர் வைத்த பின் எக்ஸ்போர்ட் சொன்னால் மெஷின் கேட்காதுபோல; எக்ஸ்போர்ட் வரியை மேலே ஏற்றி ஓட்டினேன். பெயர் வந்துவிட்டது. "அடடா, பழைய பார்ட்டிதானா!" என்று நயீமுக்குத்தான் ஏமாற்றம். ஒன்றும் இரண்டும் உண்மை என்பதால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான்காவதை ஃபிர்தௌஸிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது தவறு.