ரெண்டு சீட்டும் என் அஞ்சு பேர் கம்பெனியும்

இல்லாத நான்கு பேருக்கு டீ வரவழைத்து, ஐந்து கிளாஸையும் தனியாளாகக் குடித்து, அன்று முழுக்க நெஞ்செரிச்சலோடு அலைந்த முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தைச் சொல்லக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

டீ வந்தது 'ரெண்டு சீட்டு' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு மனுஷன் முன்னால் மானம் காக்க. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள அத்தனை சந்தேகத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதற்குக் காக்கிச் சட்டை மாட்டினால் அவர்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். அதற்கு முன் ஹார்பரில் கப்பலோரம் நின்று சரக்கு எண்ணியவர். அங்கே கப்பல் தரப்பில் ஒருவர், கரைத் தரப்பில் ஒருவர், ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காமல் எண்ணவேண்டும். ரெண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. கப்பலை விட்டு வந்த பிறகும் மனுஷன் சீட்டை விடவில்லை.

பஸ் காலடிப்பேட்டை போகுமா என்று கண்டக்டரைக் கேட்பார். அவர் போகும் என்றதும் முன்னால் நடந்து டிரைவரையும் கேட்பார். ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டி இன்னொரு கிளினிக்கில் ஒன்றும் தெரியாதவர் போலக் கையை நீட்டுவார். நடந்து வந்த வேகத்தில் அங்கே பிரஷர் ஏறியிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகவில்லையே என்று மூன்றாவது கிளினிக் தேடுவார். மகள் கல்யாணத்தில் வாசலில் ஒருவர் ஆளை எண்ண, பந்தியில் ஒருவர் இலையை எண்ண, மூன்று இலை கூடுதல். மாப்பிள்ளையின் தாய்மாமனை நிறுத்தி, "நீங்கோ எத்தினி தபா உக்காந்தீங்கோ?" என்று கேட்டவர் இவர். சம்பந்தி வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இப்பேர்ப்பட்டவரின் கேட்டுக்குத்தான், லாரியில் வரும் கன்டெய்னரின் நம்பரைச் சரிபார்க்க நான் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பதாக ஏற்றுக்கொண்டேன். யார்டு மேனேஜர், "உங்ககிட்ட எத்தனை பேர்?" என்றார். கல்மண்டபத்தில் வலைக் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதில் ஒற்றை நான். ஆனாலும் நாக்கு, "அஞ்சு பேர் சார்" என்றது.

முழுப்பொய் இல்லை. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் தட்டினால் வேலை செய்யும் ஏஐ ஒன்றை வைத்திருந்தேன். அதற்கு நாலு வேடம் எழுதிக் கொடுத்தேன். பாஸ்கர் வேலையைப் பிரிப்பான். வேலு புரோகிராம் எழுதுவான். ஸ்டெல்லா அதைச் சோதிப்பாள். காதர் பாய் கடைசியாகப் பார்த்து ஓகே சொல்வார். நாலு பேரும் படிக்கவேண்டிய பொதுக் குறிப்பு ஒன்றை நானே என் திருக்கரத்தால் எழுதினேன். முதலாளி என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. ஒரு நாள் ஸ்டெல்லாவுக்கு 'குட்மார்னிங்' கூடச் சொன்னேன்.

குழுவைப் பார்த்துவர மேனேஜர் 'ரெண்டு சீட்டை' அனுப்பினார். படியேறி வந்தவர் உள்ளே நுழையாமல் தரையையே பார்த்தார்.

"அஞ்சு பேருன்னு சொன்னாங்கோ. வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கீது."

"மத்தவங்க உள்ள இருக்காங்க அண்ணாத்தே."

"செருப்பு போட்டுக்கினேவா?"

அப்போதுதான் அந்த ஐந்து டீ வந்தது. அவருக்கும் ஒன்றை நீட்டினேன். வேணாம் என்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கிளாஸாகக் காலி செய்வதை எண்ணினார். மூன்றாவதில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்போ ஆளு ஒண்ணு, சட்டை நாலு" என்றார். "இன்னா நைனா, வேலு பண்ணத ஸ்டெல்லா பாக்குதுன்ற. ரெண்டும் ஒரே ஆளுதானே?"

"தனித்தனியாத்தான் பாப்பாங்க அண்ணாத்தே. ஸ்டெல்லா எல்லாமே பாஸ்னு சொல்லிட்டா."

"சொல்லும், சொல்லும்" என்று இறங்கிப் போனார்.

சோதனை நாள் வந்தது. அன்று மாலை 'ரெண்டு சீட்டு' எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் புரோகிராமை எடுப்பதா, என்னைத் துரத்துவதா என்று மேனேஜர் முடிவு செய்வார். எனக்கு வேறு கஸ்டமர் கிடையாது.

ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டியின் நம்பரிலும் கடைசியில் கட்டம் போட்ட இலக்கம் ஒன்று இருக்கும். முன்னால் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அதுதான் வரவேண்டும். வராவிட்டால் யாரோ நம்பரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் புரோகிராம் முதல் லாரியைத் தப்பு என்றது. இரண்டாவதும் தப்பு. பத்து லாரி, பத்தும் தப்பு. ஹாரன் சத்தம் எண்ணூர் நெடுஞ்சாலை வரை போனது. 'ரெண்டு சீட்டு', டிரைவர்கள் நீட்டிய பேப்பரைப் பார்த்து வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அந்த ஸ்டெல்லா வேலு சீட்ட பாத்துதா?"

"சத்தியமா இல்ல அண்ணாத்தே."

"செரி. ரெண்டு பேரும் யாரு சீட்ட பாத்தாங்கோ?"

ரெண்டு பேரும் படித்த சீட்டைத் திரையில் திறந்தேன். என் பொதுக் குறிப்பு.

தன் பழைய நோட்டை எடுத்தார். கேட்டைச் சரியாகத் தாண்டிய பெட்டி நம்பர்கள், பக்கம் பக்கமாக. "அந்தப் பொண்ண வெளிய கூட்டியா. உன் குறிப்ப காட்டாத. இத்த மட்டும் குடு."

ஸ்டெல்லாவை வேறு ஃபோல்டரில் உட்காரவைத்து அந்த நம்பர்களை ஊட்டினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. பத்தில் தொடங்கி எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகியவற்றைத் தாண்டிப் போகவேண்டும். என் குறிப்பில் நான் ஒன்றையும் தாண்டாமல் வரிசையாக எழுதியிருந்தேன். நாலு பேரும் முதலாளி பேச்சைத் தட்டாமல் தப்பு செய்திருக்கிறார்கள். திருத்தியதும் வந்த லாரிகள் எல்லாம் சரியாகப் போயின.

மாலையில் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்.

"தப்பு யார் பண்ணது?"

வேலு என்று சொல்லலாம். அவன் மறுத்துப் பேச ஆளில்லை. மிஷின் கோளாறு என்றால் மேனேஜரும் தலையாட்டுவார்.

"நான்தான் அண்ணாத்தே."

பேனா நிற்காமல் ஓடியது. 'தப்பு: ஆள் செய்தது. திருத்தியாச்சு. எடுக்கலாம்.' கீழே கையெழுத்து. கண்டக்டரை நம்பாதவர், டாக்டரை நம்பாதவர், சம்பந்தியை நம்பாதவர்.

"அண்ணாத்தே, மிஷினையும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

நோட்டை மூடி அக்குளில் செருகிக்கொண்டார்.

"உனுக்கு ஒரு சீட்டு போதும்."