வாய் திறந்த வாக்காளர்கள்

எல்லாம் சரியாக நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த நாற்காலியில் படுத்து எழுந்தவர்கள் யாருக்குமே சரியான நினைவு இருப்பதில்லை. பாதி முகம் மரத்துப்போயிருக்கும். காதுக்குள் மெஷின் ஓடும். யார் எதை எப்போது சொன்னார்கள் என்பது குழம்பிவிடும். ஆனால், பல் டாக்டரின் மைத்துனன் கிளினிக் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்ததும், நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றதும் நிச்சயம்.

வீட்டின் முன்பகுதி கிளினிக், பின்பகுதி குடித்தனம். மைத்துனன், அதாவது டாக்டர் மனைவியின் தம்பி, கவுன்சிலர் தேர்தலில் நிற்பதற்காக "ரெண்டே நாள் அத்தான்" என்று பெட்டியோடு வந்தவன். முதலில் சோபாவைப் பிடித்தான். பின்னாலேயே மைக் செட் வந்தது, கொடிக்கம்புகள் வந்தன, அவற்றைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கடைசியில் டாக்டர் தன் வீட்டுக் குளியலறைக்கே துண்டும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

"எப்ப மாப்ளே கிளம்பறதா உத்தேசம்?"

"ஜெயிச்சதும் அத்தான். கவுன்சிலருக்கு ஆபீஸோட சேர்த்து வீடு தர்றாங்க. அன்னிக்கே பெட்டியத் தூக்கிடுவேன்."

"தோத்துட்டா?"

"வாய வச்சுடாதீங்க அத்தான்!"

அந்த நிமிடம் டாக்டர் அரசியலில் இறங்கினார்.

பதவியில் இருந்த கவுன்சிலரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. தெருவைத் தோண்டினார், மூடவில்லை. விளக்குக் கம்பங்களை நட்டார், விளக்குகளை மறந்தார். நூலகத்தைக் கைதட்டலோடு திறந்து வைத்தார். உள்ளே நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

டாக்டர் ஒரு பஸ் டிரைவரின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நம்ம தெருவப் பாத்தீங்களா? தோண்டினது தோண்டினபடி கிடக்கு."

"ஆ."

"மறுபடியும் அந்த ஆளுக்கே ஓட்டுப் போட்டா, நம்மள மாதிரி ஏமாளி உண்டா?"

"ஆ... ஆங்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

குறடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உதவிப் பெண், டாக்டரைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள். அவள் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை.

அன்று மாலை டாக்டர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளை வரிசைப்படுத்தி அனுப்புவது அவள்தான்.

"வந்த அத்தனை பேரும் நம்ம பக்கம். ஒருத்தர்கூட மறுத்துப் பேசல."

"வாய்ல பஞ்சு இருந்துச்சே?"

"பஞ்சு இருந்தும் ஆமான்னாங்களே!"

அப்போதுதான் கொல்லைப்பக்கம் தம்பி யாரிடமோ போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள் மனைவி.

"அப்ப இன்னும் கொஞ்சம் காரமாவே பேசுங்க" என்றாள்.

அடுத்த வாரம் டிரைவர் திரும்ப வந்தார். பஞ்சு வைப்பதற்கு முன்பே கையைத் தூக்கினார்.

"அன்னிக்கே பதில் சொல்லணும்னு நெனச்சேன் டாக்டர், நாக்கு எழும்பல. எங்கப்பா கால் ஒடஞ்சப்ப அந்தக் கவுன்சிலர் கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்."

"எப்படி ஒடஞ்சது?"

"தெருக்குழியில விழுந்துட்டாரு."

"அந்த ஆளு தோண்டின குழி!"

"ஆமா டாக்டர். ஆனா ஓடி வந்தாருல்ல! யாரு தோண்டினான்னு எங்க வீட்ல யாரும் கேக்கல. யாரு வந்தாங்கன்னுதான் கேட்டாங்க."

டாக்டர் மேற்கொண்டு விவாதிக்காமல் பஞ்சை வைத்தார். அன்றிலிருந்து யாருக்கும் பஞ்சை எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போய்த் துப்புங்க, அதான் நல்லது" என்று அனுப்பிவைத்தார். பதில் சொல்லத் துடித்தவர்கள் உப்பிய கன்னத்தோடு தெருவில் இறங்கினார்கள். யாரைப் பார்த்தாலும் டாக்டரைப் பற்றிக் கை ஜாடையில் எதையோ சொன்னார்கள். அது பாராட்டு போலத் தெரியவில்லை.

காதால் கேட்பது போதவில்லை, கண்ணாலும் படிக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. நாற்காலியில் படுத்தவர்கள் கூரையைத் தவிர வேறு எதைப் பார்க்க முடியும்? கவுன்சிலரின் பெரிய படத்தைக் கூரையில் ஒட்டினார். அதன் கீழே குழி, விளக்கு, நூலகம் எல்லாம் கொட்டை எழுத்தில். படத்தைத் தேர்ந்தெடுத்தது மனைவி. கவுன்சிலர் கண் சுருங்கச் சிரிக்கும் படம்.

முதலில் அதன் கீழே படுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கடைவாய்ப் பல். வேர் இறங்கியிருந்தது. எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும், பஞ்சை அவரே பிடுங்கிப் போட்டார்.

"படிச்சீங்களா டீச்சர்?" என்றார் டாக்டர் ஆவலோடு.

"கண்ணு கலங்கிடுச்சு டாக்டர், எழுத்தே தெரியல. ஆனா நீங்க இழுத்த இழுப்புல, இந்த ரூம்ல சிரிச்ச முகம்னா அது ஒண்ணுதான். அதப் பாத்துத்தான் தாங்கிக்கிட்டேன்."

டாக்டர் ஏணியைத் தேடினார். "கிழிச்சு எறியறேன்!"

"இருக்கட்டுமேங்க, அவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டினீங்க" என்றாள் மனைவி.

உதவிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி அவளை வெளியே கூப்பிட்டாள். திரும்பி வந்தவள் பேசாமல் பஞ்சை எடுத்து நீட்டினாள்.

தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது கவுன்சிலருக்கே பல்வலி வந்தது.

சோபாவில் எதிர் வேட்பாளர் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால், கவுன்சிலர் மற்ற நோயாளிகளோடு சுவரோரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க முன்னாடி போங்க" என்றவர்களிடம், "வலி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று தன் முறைக்காகக் காத்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் படுத்ததும் கூரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என் படத்த மாட்டியிருக்கீங்களா டாக்டர்! எங்க வீட்லகூட இல்ல."

டாக்டர் அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். எல்லோரும் கேட்கட்டும்.

"தெருவ ஏன் மூடல?"

"ஆ."

"கம்பம் இருக்கு, லைட்டு எங்க?"

"ஆ... ஆ..."

"லைப்ரரியில புத்தகம் எங்கய்யா?"

மெஷின் கீச்சிட்டது. கவுன்சிலரின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வெளியே யாரும் மூச்சுக்கூட விடவில்லை. டாக்டர் அந்த அமைதியை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

கவுன்சிலர் பஞ்சைத் தானே எடுத்துப் போட்டு, வாய் கொப்பளித்து, கை கூப்பினார். "வலியே தெரியல டாக்டர். நல்ல கை."

அவர் தெருவில் இறங்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்: "பாவம்யா. கேள்வி கேக்கறவரு பதில் சொல்லவும் விடணும்ல?"

"நமக்கும் இதேதானே நடந்துச்சு" என்றது இன்னொரு வீங்கிய கன்னம்.

கவுன்சிலர் ஜெயித்தார். சாதாரணமாக அல்ல; மைத்துனனுக்கு டெபாசிட் போயிற்று.

முடிவு வந்த மாலை டாக்டர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டார். அடுத்த தேர்தல்வரை சோபா, மைக் செட், குளியலறை வரிசை எல்லாம் அவர் கண் முன்னால் நின்றன. கதவு தட்டப்பட்டது. மைத்துனன், கையில் பெட்டியோடு.

"தோத்த இடத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கறது? கெளம்பறேன் அத்தான்."

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போயேன் மாப்ளே" என்றது டாக்டரின் வாய். அதற்குள் கை பெட்டியை வாங்கிவிட்டது. கால்கள் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டன. திரும்பி வந்து, வெறும் சோபாவில் உட்கார்ந்து, அவர் விட்ட பெருமூச்சில் மேஜை மேலிருந்த காகிதம் பறந்தது.

இப்போது எல்லோரும் நலம். மைத்துனன் சொந்த ஊரில் மைக் செட்டை வாடகைக்கு விட்டு நன்றாகவே இருக்கிறான். கவுன்சிலர் தெருக்குழியை மூடிவிட்டு, பக்கத்திலேயே வேறொன்று தோண்டியிருக்கிறார். டிரைவரின் அப்பா கைத்தடியோடு அதைச் சுற்றி நடக்கிறார். கூரைப் படம் அப்படியே இருக்கிறது. எடுத்தால் பல் பிடுங்க வர மாட்டோம் என்கிறார்கள். டாக்டர் வேலை நேரத்தில் பேசுவதில்லை.

ஒரே ஒருமுறை, நோயாளிகள் இல்லாத ஒரு மத்தியானம், உதவிப் பெண்ணிடம் மனம்விட்டுக் கேட்டார்: "அவ்வளவு பேசினேனே, ஒரு ஓட்டுகூட அசையலியே. பக்கத்துலயே நின்னுட்டிருந்த, நீயாவது நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் குறட்டைத் துடைத்தாள். தட்டில் வைத்தாள். மறுபடியும் எடுத்துத் துடைத்தாள்.

"சொல்லத்தான் வந்தேன் டாக்டர். மேடம்தான், 'தம்பி ஜெயிச்சா கெடைக்கிற வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே இருந்துடப் போறானாம்; இவர் திட்டத் திட்டத்தான் அந்தப் பக்கம் ஓட்டு ஏறுது, தயவுசெஞ்சு இவர் வாய மட்டும் அடைச்சுடாதே'ன்னாங்க."