கொக்கியில் ஈரம்

சொல்வதென்றால் பெரிய பொய்யாகச் சொல்லிவிட வேண்டும் என்று உமாபதி முடிவு செய்தபோது, அவர் தென்னேரி ஏரியில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய வண்டியின் முன் பம்பர் இருந்தது. வண்டி இன்னும் ஏரியில் இருந்தது.

நடந்தது சின்ன விஷயம்தான். ஓய்வு பெற்ற கையோடு அவரும் நண்பர் துரைக்கண்ணுவும் பாதிப்பாதி போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். அதை இழுப்பதற்கென்று உமாபதி பழைய எஸ்.யூ.வி. ஒன்றும் வாங்கினார். ஞாயிறுதோறும் படகை டிரெய்லரில் ஏற்றி, வண்டியின் பின்னால் மாட்டி, கரைச்சரிவில் பின்னோக்கி இறக்கித் தண்ணீரில் விடுவார்கள். அன்றைக்கு உமாபதி ஹேண்ட் பிரேக் போடாமல் கீழே இறங்கிவிட்டார். படகு தண்ணீருக்குள் போயிற்று. துணைக்கு வண்டியும் போயிற்று. முன்பக்கம் கயிறு மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. டிராக்டர்காரர் பம்பரில் மாட்டி இழுத்தார். பம்பர் மட்டும் வந்தது.

"வீட்ல இன்னா சொல்லுவ?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"உள்ளதைச் சொன்னா படகு போயிடும்பா. பிரேக் போடத் தெரியாத ஆளுக்குப் படகு எதுக்குன்னு கேப்பா."

"நல்ல கேள்விதான்."

"அதான் பயமே."

வீட்டில் அம்சவேணி ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு தறி ஓடின. தறி, பாவு, கூலி, கணக்கு எல்லாம் அவள் ராஜ்யம். உமாபதி அந்த ராஜ்யத்தில் சாப்பிட வருபவர்.

"அம்சா, வண்டியை ஏதோ இழுத்துச்சு."

"எது?"

"தண்ணிக்குள்ளருந்து. நான் பிரேக்கைப் பிடிச்சிக்கினுதான் இருந்தேன்."

"முதலையா?"

"தென்னேரில ஏது முதலை?"

"அப்போ இன்னாதான் இழுத்துச்சு?"

இவ்வளவு தூரம் விசாரணை வரும் என்று உமாபதி எதிர்பார்க்கவில்லை. "செகப்பா ஒண்ணு," என்றார். "தண்ணிக்கடியில நீளமா வந்துச்சு. பட்டுச்சேலை மாதிரி. முந்தி மட்டும் மேல வந்து வண்டியைச் சுத்திச்சு."

சொன்ன பிறகு அவருக்கே கை மயிர் சிலிர்த்தது. பொய் நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டார்.

அம்சவேணி சிரிக்கவில்லை. ராட்டையை நிறுத்திவிட்டு, சேறு பூசிய பம்பரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"ஒரு தடவை இழுத்தது மறுபடியும் இழுக்கும். திருப்பி இழுக்க வழி வேணும். முன்னாடி கொக்கி போடுங்க. ஒண்ணு போதாது. ரெண்டு."

உமாபதிக்குத் தலைகால் புரியவில்லை. படகைக் காப்பாற்ற வந்தவருக்குக் கொக்கியும் சேர்ந்து கிடைத்துவிட்டது. அன்று இரவு சோறு போடும்போது அவள் வழக்கமான புலம்பலைப் புலம்பினாள். சிமெண்ட் ரோடு போட்டவர்கள் தெருவின் மேற்குக் கோடிக் கல்லைப் பிடுங்கிவிட்டார்களாம். தறியில் ஏற்றும் பாவு நூலை இழுத்துக் கட்ட இடமில்லாமல் பெண்கள் அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களாம். உமாபதி "ம்" என்றார். ஆடியிலிருந்து அவர் அதற்கு "ம்" சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கிரேன் வைத்து ஏரியிலிருந்து தூக்கிய வண்டியைச் செவிலிமேட்டில் மெக்கானிக் குமாரவேலின் பட்டறைக்குக் கொண்டுபோனபோது அம்சவேணியும் கூடவே வந்தாள். இரண்டு கொக்கிக்கும் நடுவே எவ்வளவு அகலம் என்று முழம் போட்டுப் பார்த்தாள்.

"ஆளுங்க சேர்ந்து இழுத்தா தாங்குமாப்பா?"

"யானை இழுத்தாலும் தாங்கும்மா. பம்பர்ல இல்ல, சேஸிஸ்ல போல்ட் போட்டிருக்கேன்."

"உயரம் ரெண்டும் ஒண்ணா இருக்குதா?"

"அம்சா, இதெல்லாம் அவருக்குத் தெரியும்," என்றார் உமாபதி கூச்சத்தோடு.

"இழுக்கிறது எதுன்னு அவருக்குத் தெரியாதுல்ல," என்றாள் அவள்.

கொக்கிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது வண்டியைப் பார்த்தால் கீழுதட்டுக்கு வெளியே இரண்டு கோரைப்பல் முளைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி இரண்டு கட்டளை போட்டாள். வண்டியை மேற்குக் கோடியில், முகம் தெருவைப் பார்க்க நிறுத்த வேண்டும். சூரியன் வருமுன் உமாபதி வாசலைத் தாண்டக் கூடாது.

"ஏன்?"

"பார்த்த கண்ணைத்தான் அது தேடிக்கினு வரும். நீங்க பார்க்கலைன்னா ஒண்ணுமில்ல, தாராளமாப் போங்க. பார்த்தீங்களா இல்லியா?"

"பார்த்தேன்."

"அப்போ தாண்டாதீங்க."

மறுநாள் வெயில் வந்த பிறகு வண்டியைப் பார்க்கப் போனார். மழை இல்லை. ஆனால் இரண்டு கொக்கியும் ஈரமாக இருந்தன. தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தார். லேசான புளித்த வாடை. ஏரித்தண்ணீர் என்று அவர் மூக்கு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இடது கொக்கியில் தலைமயிர் பருமனில் ஓர் இழை சுற்றியிருந்தது. சிவப்பு. பட்டு. மின்கம்பத்துக்கு நேராக நிறுத்திய வண்டி, கம்பத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் நின்றது.

அவர் வீட்டுக்கு நடந்து வந்ததாகத்தான் பின்னால் சொல்லிக்கொண்டார்.

"கொக்கி ஈரமா இருக்குது, அம்சா."

"பனியா இருக்கும்."

"செகப்பா ஓர் இழை இருக்குது."

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "நீளமா, சின்னதா?"

"சின்னதுதான்."

"அப்போ இன்னும் முழுசா வரலை," என்று சொல்லிவிட்டு உலையை மூடினாள்.

அதற்குப் பிறகு உமாபதிக்கு விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். பக்கத்துப் பாய் காலியாக இருக்கும். தெருவிலிருந்து ஒரு சத்தம் வரும். நனைந்த சேலையை யாரோ தரையோடு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, நீளமான சத்தம். பிறகு குச்சியால் குச்சியைத் தட்டுவது கேட்கும். பிறகு பெண் குரல்கள், மூச்சுக்குள்ளேயே: "இழு... இன்னும் இழு... ஆங், வருது." ஜன்னலைத் திறந்தால் மார்கழிப் பனி தவிர ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அம்சவேணி உள்ளே வருவாள். அவள் கை ஐஸ் மாதிரி இருக்கும்.

"எங்க போன?"

"கோலம் போட."

"கையில இன்னா பிசுபிசுன்னு?"

"மாக்கோலம்."

உமாபதி போர்வைக்குள் போய்விடுவார். அவர் சொன்ன பொய்யில் சிவப்பு இருந்தது, பட்டு இருந்தது, இழுப்பது இருந்தது. மூன்றும் அப்படியே தெருவுக்கு வந்துவிட்டன. முந்தி மட்டும்தான் பாக்கி.

பயம் தாங்காமல் துரைக்கண்ணுவிடம் ஓடினார்.

"நான் வீட்ல சொன்னது பொய்ப்பா. ஆனா அது வந்துட்டுது."

"பொய்யா சொன்னது எப்பிடிப்பா வரும்?"

"நான் சொன்னது பொய்னு அதுக்குத் தெரியலையே!"

துரைக்கண்ணு எதற்கோ வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"என் பங்குப் படகை நீயே வெச்சுக்க. டிரெய்லரையும் எடுத்துக்க. எனக்கு ஏரியே வேணாம்."

நண்பர் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்வார் என உமாபதி நினைத்தார். துரைக்கண்ணு அன்று மதியமே மருமகன் வண்டியோடு வந்து படகை இழுத்துக்கொண்டு போனார். உமாபதி அது தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. ஆனால் இரவு நிம்மதியாகத் தூங்கினார். படகே இல்லாத வீட்டுக்கு ஏரியிலிருந்து யார் வரப்போகிறார்கள்?

விடியலுக்கு முன் சத்தம் வந்தது. அதே இழுப்பு, அதே குச்சி.

உமாபதிக்குப் பயத்துக்குப் பதில் ஆத்திரம் வந்தது. படகையே கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும்? வேட்டியை இறுகக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

பனி தெருவை அடைத்திருந்தது. அதற்குள் அவர் வண்டி கோரைப்பல்லோடு நின்றது. இரண்டு பல்லிலும் ஏதோ சிக்கியிருந்தது. சிவப்பாக, அகலமாக, நனைந்து பளபளத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் தெரு நீளத்துக்கும் போயிற்று. அதன் மறுமுனை தெரியவில்லை. அது மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு விடுகிற மாதிரி. இரண்டு பக்கமும் தலையில் துணி சுற்றிய உருவங்கள் குனிந்து நின்றன. அவை கையை ஆட்டும்போதெல்லாம் வெள்ளைத் துளிகள் அதன்மேல் தெறித்தன.

உமாபதியின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. எல்லா உருவமும் ஒரே நேரத்தில் திரும்பின.

"அக்கா, வண்டிக்காரர் எழுந்துட்டாரு," என்றது ஒன்று. துரைக்கண்ணுவின் மனைவி துர்காதேவி குரல்.

அருகிலிருந்த உருவம் கஞ்சிச் சொம்போடு நிமிர்ந்தது. அம்சவேணி.

"பாவு!" என்றார் உமாபதி.

"பாவுதான். நூல் விறைக்கக் கஞ்சி போட்டுக்கினு இருக்கோம். பின்ன ஏரியா நடந்து வரும்?"

"செகப்பு..."

"அரக்குச் செகப்புலதான் ஆர்டர். நீங்களும் செகப்புன்னு சொன்னீங்க, சவுகரியமாப் போச்சு."

"கல்லு இல்லைன்னு..."

"ஆறு மாசமா சொன்னேன். ம், ம்னீங்க. உங்க வண்டிக்கு ரெண்டு கொக்கி வந்துச்சு, எங்களுக்குக் கல்லு வந்துச்சு."

உமாபதி கடைசி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார். "தினம் வண்டி தானா நகர்ந்துதே! அது எப்பிடி?"

"தென்னேரில நகர்ந்த மாதிரிதான். ஹேண்ட் பிரேக் போடாம நிறுத்தினா, நாங்க பாவை இழுக்கிறப்போ வண்டியும் சேர்ந்து வருது. ஏரில நடந்ததை துர்கா அன்னிக்கே சொல்லிட்டா."

"என் படகு..."

"அதை நான் கேக்கலியே. நீங்களாக் குடுத்தீங்க. சாவியை எடுத்துக்கினு வாங்க, பாவு தொய்யுது."

உமாபதி சாவியை எடுத்து வந்தார். ஏரியில் இழுக்க வேண்டிய வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஏரியில் போட்டிருக்க வேண்டிய ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். கண்ணாடிக்கு முன்னால் சிவப்புப் பாவு விறைத்து நிமிர்ந்தது.

"இப்போ எப்பிடிக்கா நிக்குது?" என்று துர்காதேவி கேட்டாள்.

"பழைய கல்லு மாதிரியே நிக்குது," என்றாள் அம்சவேணி, கஞ்சியைத் தெளித்துக்கொண்டே. "கல்லு பொய் சொல்லாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."