கல்யானையும் சொர்ணக்கிளியின் கூடையும்

வேழம்பாடி என்ற நாட்டை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அதை அந்த நாட்டுக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது; வரைபடம் தப்பு என்பார்கள். அத்தனை பெருமை உள்ள ஜனங்கள். பெருமைக்குக் காரணம், தலைநகரின் நடுச் சதுக்கத்தில் கால் மடித்துப் படுத்திருந்த ஒரு கருங்கல் யானை. அதன் முதுகு அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்து எழுந்ததுபோல மினுமினுக்கும்.

கடல் தாண்டியும் மலை தாண்டியும் ஆட்கள் அதைப் பார்க்க வந்தார்கள். சுற்றி வந்து பார்த்தார்கள், குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். "இந்த மினுமினுப்பின் சூட்சுமம் அந்தக் காலத்துச் சிற்பியோடு மறைந்துவிட்டது" என்று அரசாங்க வழிகாட்டி சொல்லும் இடத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

உள்ளூர்க்காரர்கள் யாரும் யானையைப் பார்த்ததில்லை. அதாவது, நின்று பார்த்ததில்லை. படித்துறையில் தோணிகள் இறக்கும் காய்கறி, தலைச்சுமையாகத்தான் மேட்டுச் சந்தைக்குப் போகும். பாதி வழியில் யானை. அதன் முதுகு ஆள் தோள் உயரம். பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்தால் கூடை தானாக நகர்ந்து கல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கழுத்து ஆறியதும் தலையைக் கொடுத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். இறக்கவும் ஆள் வேண்டாம், தூக்கிவிடவும் ஆள் வேண்டாம். எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ கூடைகள் இப்படி ஏறி இறங்கிய கல் அது.

சொர்ணக்கிளி பூசணியும் சுரைக்காயும் சுமப்பவள். கல்யாணமான மறுவருஷமே புருஷன் வேறு ஊர், வேறு வீடு என்று போய்விட்டான். அன்றிலிருந்து "கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று அவள் எவரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே காலம் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பிடிவாதம். அதற்கு அந்த யானை வேண்டும்.

ஒருநாள் அவள் கூடையைக் கல்லில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் குடை பிடித்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி வழிகாட்டி மூலமாகக் கேட்டாள்: "இந்த அற்புதத்தின் பக்கத்திலேயே வாழ்கிறீர்களே, உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது?"

"உயரம் சரியா இருக்கும்மா" என்றாள் சொர்ணக்கிளி.

வழிகாட்டி அதை மொழிபெயர்த்தான்: "முன்னோரின் கலைமேன்மையை நினைத்து மெய்சிலிர்க்கிறது என்கிறார்."

அந்த நாட்டில் பெருமைக்கென்றே ஓர் அமைச்சகம் இருந்தது. அமைச்சர், மாண்புமிகு அடல்நம்பி. வெளிநாட்டார் எடுத்துப்போன படங்களில் எல்லாம் யானை முதுகில் சுரைக்காய் இருப்பதை அவர் ஒருநாள் கவனித்தார்.

"உலகம் வியக்கும் சின்னத்தின் மேல் சுரைக்காயா? நாட்டின் மானம் என்ன ஆவது?" என்று சபையில் கேட்டார். சபை மேசையைத் தட்டியது. மறுநாளே யானையைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி வந்தது. உள்ளூர்வாசிகள் தொடக் கூடாது. காவலுக்கு ஆள் போட்டார்கள். காவலன் வீரபாகு, சொர்ணக்கிளியின் அண்ணன் மகன்.

"அத்தே, கோவிச்சுக்காத. மேலிடத்து உத்தரவு" என்றான்.

"நான் எதுக்குடா கோவிக்கிறேன்? நல்லா காவல் இரு. யானை எந்திரிச்சு ஓடிரப் போகுது."

அவள் நிற்காமல் மேட்டுச் சந்தைவரை நடந்தாள். நாளாக நாளாகக் கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்தது. ஒருநாள் தாள முடியாமல் கூடையைத் தரையிலேயே இறக்கிவிட்டாள். தரையில் இறங்கிய கூடையை ஒற்றை ஆள் தலைக்கு ஏற்ற முடியாது. வீரபாகு ஓடி வந்து கை நீட்டினான்.

"கையை எடு. நான் கேட்டேனா?"

பாதிப் பூசணியை வேலியோரம் வைத்துவிட்டு, மீதிப் பாதியைச் சுமந்துபோய் விற்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் வேலியோரம் மாடுகள் விருந்து முடித்திருந்தன. அன்றுமுதல் அரைக் கூடைதான், இரண்டு நடைதான். இரண்டாம் நடை போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருக்கும்.

இதற்கிடையில் யானை மங்கத் தொடங்கியது. முதுகில் சாம்பல் பூத்தது. அரசாங்கம் சும்மா இருக்குமா? அறிஞர் குழு போட்டது. குழு யானையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது: 'வெளியூர்ப் பார்வையில் வியப்பு உள்ளது, அது கல்லை மெருகேற்றுகிறது. உள்ளூர்ப் பார்வையில் அலட்சியம் உள்ளது. அது கல்லை அரிக்கிறது.'

ஆகவே, சதுக்கத்தைக் கடக்கும் உள்ளூர்வாசிகள் அனைவரும் தலை குனிந்து செல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டத்தைச் செயல்படுத்த அடல்நம்பியே நேரில் வந்தார். கூடையோடு நிமிர்ந்து வந்தாள் சொர்ணக்கிளி.

"ஏனம்மா, சட்டம் தெரியாதா? தலையைக் குனி."

"குனிஞ்சா கூடை விழுந்துருமே, ஐயா."

"சட்டத்துக்கு முன் அனைவரும் சமம். கூடைக்கென்று தனிச் சட்டம் போட முடியாது."

"தலையில சுமை இருக்கிறவ எப்படிய்யா தலை குனிவா? சும்மா வர்றவங்களைக் குனியச் சொல்லுங்க."

கூடையைப் பறிமுதல் செய்தார்கள். அரண்மனைச் சமையற்கட்டில் அன்று பூசணிக்காய்க் கூட்டு.

அப்படியும் யானை தெளியவில்லை. அடுத்து, வீட்டுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய் வரியாக வாங்கி யானைக்குப் பூசினார்கள். வீடுகளில் விளக்கு அணைந்தது. யானை மேல் ஊர்ப் புழுதியெல்லாம் ஒட்டியது. வெள்ளைக் குடை அம்மாள் தன் தோழிகளைத் திரட்டிக்கொண்டு மறுபடி வந்தாள். பார்த்தாள். "இது வேறு யானை" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலிலேயே திரும்பினாள். அவள் பின்னாலேயே சத்திரங்கள் காலியாயின, கஜானா காலியாயிற்று.

மன்னர் சபையைக் கூட்டி, "யானை ஏன் மங்கியது? காரணம் தெரிந்தவர் சொல்லலாம்" என்றார்.

எல்லோரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அடல்நம்பியின் தாயாரே மீன் கூடையை அந்தக் கல்லில் சாய்த்து இளைப்பாறியவர்தான். ஆனால் தெரிந்ததைச் சபையில் சொல்லும் வழக்கம் வேழம்பாடியில் கிடையாது. அடல்நம்பி எழுந்து, "மன்னா, மக்களின் கைக்கு மதிப்பளிக்கும் காலம் கனிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் மாபெரும் தொடுவிழா. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள் வேலி திறக்கும். குடிமக்கள் ஒவ்வொருவரும் வரிசையில் வந்து ஒரு விரலால் ஒரு தடவை யானையைத் தொடலாம். மறுதடவை தொடாமலிருக்க அந்த விரலில் அழியாத மை வைக்கப்படும்.

விழாவுக்கு முன்பு அடல்நம்பி தெருத்தெருவாக வந்தார். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "தொடுவது உங்கள் உரிமை, கடமை! தொடுகிற ஒவ்வொருவரும் அன்றைக்கு மன்னர்!" என்றார். சொர்ணக்கிளியிடம், "தாயே, மறக்காமல் வந்துவிடுங்கள்" என்றார்.

"வர்றேன், ஐயா. விழுந்தடிச்சு வர்றேன்."

விழா நாளில் வெளிநாட்டார் மறுபடி வந்து குவிந்தார்கள். அவர்களுக்குப் பந்தல் போட்டு இளநீர் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். வரிசையில் சொர்ணக்கிளி, தலையில் முழுக்கூடை.

அவள் முறை வந்தது. வீரபாகு விரலில் மை வைத்துவிட்டு, "அத்தே, கூடையோட ஏன் வந்த? விரல் மட்டுந்தான். லேசாத் தொட்டுட்டு நகரு" என்று கிசுகிசுத்தான்.

"விரல்ல எனக்கு என்னடா பாரம்?"

பக்கத்தில் போனாள், தலையைச் சாய்த்தாள். கூடை நகர்ந்து கல்லின் மேல் உட்கார்ந்தது. அவள் யானையின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைத்துக்கொண்டாள். கழுத்தை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், திரும்பியது.

வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்த வாழைத்தார்க்காரர் தாரைச் சாய்த்தார். அவருக்குப் பின்னால் கீரைக்கட்டு. சுமையில்லாமல் வந்தவர்கள் முதுகைச் சாய்த்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டி, இந்தச் சடங்குக்கு என்ன பெயர் என்று வழிகாட்டியைப் பிடுங்கி எடுத்தார்கள். காவலர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் பந்தலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவரும் கைதட்டினார்.

கைதட்டிக்கொண்டே வீரபாகுவின் காதோரம் குனிந்து, "அந்த அம்மா எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டு வா" என்றார்.

வீரபாகு போய்க் கேட்டான். சொர்ணக்கிளி இன்னும் கொஞ்சம் வாகாகச் சாய்ந்துகொண்டாள்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதானே விட்டிருக்காங்க. மெதுவா எந்திரிக்கிறேன்னு சொல்லு."