நாலு பாத்திப் பெட்டூனியாவும் என் தீர்ப்பும்

பழனியாண்டவர் துணை

கொடைக்கானல்,
பிலவ வருஷம், சித்திரை 15

சிரஞ்சீவி தம்பி தண்டாயுதபாணிக்கு, மலைமேலிருந்து அக்காள் சண்முகசுந்தரி திருநீறு பூசித் தலையில் கை வைத்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் மச்சானும் கம்பளிக்குள்ளே சுகம். மதுரையில் நீயும், நீ நிற்கிற விதைக் கடையும், உன்னை இன்னும் நிரந்தரம் பண்ணாமல் வைத்திருக்கிற முதலாளியும் சுகமாயிருக்க உன் பெயர்கொண்ட சாமியையே வேண்டுகிறேன்.

நிற்க. கார்த்திகையில் நீ அனுப்பின நாலு பொட்டலம் பெட்டூனியா விதைக்கும் இன்றைக்குத் தீர்ப்பு எழுதுகிறேன். “அக்கா, மலைக்கு எந்த ரகம் தாங்கும்னு நீ சொல்றதைத்தான் முதலாளி மொத்தமா வரவழைக்கப் போறார், பங்களா, பள்ளிக்கூடம், ஓட்டல் எல்லாத்துக்கும் அதுதான், அது பூத்தா எனக்கு வேலை நிரந்தரம், பூக்கலைன்னா வீட்டுக்கு” என்று எழுதியிருந்தாய். ஆயக்குடிக் கொய்யாத்தோப்புக்காரரும் வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று சொல்லிவிட்டாராமே. ஒரு பூச்செடியை நம்பி ஒரு உத்தியோகமும் ஒரு கலியாணமும் காத்துக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு மார்கழியிலிருந்து சரியாய்த் தூக்கமில்லை. பால்காரியிடம் அரைக்கால் படி விட்டுக்கொடுக்காதவள் நான். உன் விஷயத்தில் கணக்குப் பிசகவிடுவேனா?

பொட்டலத்தைப் பிரித்தால் விதையா அது, மூக்குப்பொடி! மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருந்தது. மணலோடு கலந்து தூவு என்று நீ எழுதியிருந்தாய், எனக்குத் தூவத் தெரியாது, கோலம் போடத் தெரியும். மணலைச் சலித்து விதையோடு கலந்து, பழப்பெட்டியில் மண் நிரப்பி, பெட்டிக்கு ஒரு ரகமாக விரல் இடுக்கில் விட்டு இழுத்துவிட்டேன். அடுப்படிச் சூட்டில் வைத்த பெட்டிகளில் தை பிறந்ததும் முளை கண்டது பார், நாலு பெட்டியிலும் நாலு சிக்குக் கோலம் பச்சையாய் எழும்பி நிற்கிறது! உன் மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உறைபனி போன பிறகு மாசியில் வாசலில் நாலு பாத்தி எடுத்து நட்டேன். நாலுக்கும் ஒரே மண், ஒரே சாணி, ஒரே தண்ணீர். பெற்ற பிள்ளைகளைக்கூட இப்படிச் சரிசமமாய் வளர்த்திருக்க மாட்டேன்.

பங்குனியில் பூத்தது. முதல் பாத்தி, பெரிய ரோஸ். ஒவ்வொரு பூவும் அப்பளம் அகலம், ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி. காலையில் பார்த்தால் கண்ணுபடும், மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து பனிமஞ்சு ஏறி வந்ததோ இல்லையோ, ரசத்திலே போட்ட அப்பளந்தான். இரண்டாவது, அடுக்கு வெள்ளை. அழகுதான், ஆனால் மழைத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, வத்தலக்குண்டு பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு அப்படியே அழுகிக் கெடக்கு. மூணாவது வெள்ளையிலே ஊதாப் பட்டை போட்டது. அதுக்கு நான் வச்ச பேரு பட்டாப்பட்டி. ஒரு நாள் பட்டை இருக்கும், குளிர் கூடின நாளிலே பட்டையைக் காணோம், மறுநாள் பார்த்தா மறுபடியும் இருக்கு. இப்படி நிலையில்லாததை நம்பி எப்படிப்பா காசு போடுறது? நாலாவது சின்னச் சிவப்பு. பூ சின்னதுதான். ஆனா மழை பெஞ்சா ஒரு உதறு உதறிட்டு மறுநாள் பாத்தி நிறையச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. இலை தெரியலை, தம்பி!

நடுவிலே ஒரு நாள் ஏரிக்கரையிலே சவாரி விடுற பொன்னுவேலு குதிரை அவுத்துக்கிட்டு வந்து பட்டாப்பட்டிப் பாத்தியிலே வாயை வச்சிருச்சு. நான் கரண்டியோட ஓடுறேன், அவன் என்னடான்னா என்னையே சண்டைக்கு இழுக்குறான்.

“என்னம்மா செடி வச்சிருக்கீங்க, குதிரைக்கு வாயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு! துரைமாருங்க ஏறுற குதிரைங்க இது.”

“துரைமாரு வளக்குற செடிடா இது! கேக்காமத் தின்னா ஒட்டத்தான் செய்யும். வெரசா பிடிச்சுக்கிட்டுப் போ, இல்லைன்னா கரண்டியும் ஒட்டும்.”

பாதிச் செடி போச்சு. அதுக்காக மார்க்கு குறைக்கலை, அது குதிரை செஞ்ச தப்பு.

இனிமே உன் மச்சான் பண்ணின சண்டையைக் கேளு. சிவப்பு முருகனுக்கு உகந்ததாச்சே, கண்ணெதிரே பூத்துக் கெடக்கிறதைச் சாமிக்கு வைக்காம இருக்க மனசு வருமா? சீமைப் பூவாச்சேன்னு முதல்லே குறிஞ்சியாண்டவர் கோயில் குருக்களைக் கேட்டேன். “மலையாண்டிக்கு மலையிலே பூத்ததெல்லாம் பூதாம்மா”ன்னுட்டார். தொடுத்துப் பார்த்தேன், விளக்கு ஏத்துறதுக்குள்ளே துவண்டு போச்சு. சரின்னு தெனமும் வெள்ளனே குளிச்சிட்டு, பூத்தது வாடினது ஒண்ணு விடாம சிவப்பைக் கிள்ளி, நல்லதைச் சாமி காலடியிலே வச்சிருவேன். மத்த மூணு பாத்தியிலே, சோதனைக்கு வச்சதாச்சேன்னு விரல்கூடப் படவிடலை.

“இது பாரபட்சம்”ங்கிறார் உன் மச்சான். “நாலு பிள்ளைக்குப் பரீட்சை வச்சிட்டு ஒண்ணுக்கு மட்டும் தெனம் சாமி கும்பிடுறியே?”

“முருகனுக்கு மொட்டை போட்ட பிள்ளை பரீட்சையிலே பாஸானா அதுவும் பாரபட்சமாங்க? நான் என்ன உரமா போட்டேன்? இருக்கிறதைப் பறிக்கத்தானே செஞ்சேன்! பறிச்சா பாத்திக்கு நஷ்டந்தானே, அப்படியிருந்தும் அது ஜெயிக்குதே!”

அவர் உடனே காபி கேட்டார்.

ஆகவே என் தீர்ப்பு: மலைக்கு ஏற்றது சின்னச் சிவப்பு ஒன்றே. முதலாளியிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல், மூட்டையாகவே வரவழைக்கட்டும். பெரிய ரோஸும் அடுக்கு வெள்ளையும் மலையேறினால் கடையின் பெயர் கெடும். ஆயக்குடிக்காரரிடம் பரிசத்துக்கு நாள் பார்க்கச் சொல். உனக்கு வேலையும் வீடும் விளங்க, பூத்த கொடியாய் உன் குடும்பம் தழைக்க, பழனியாண்டவர் எந்நேரமும் உன் பக்கத்திலே நிற்கட்டும். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, உன் நன்மையே நினைக்கும் அக்காள்,
சண்முகசுந்தரி

பின்குறிப்பு, வைகாசி 3: மேலே எழுதினது எல்லாத்தையும் அடிச்சிரு. தபாலில் போடச் சொல்லி உன் மச்சானிடம் கொடுத்த இந்தக் காகிதம், இன்றைக்குக் கோட்டு துவைக்கப் போட்டபோது பையிலிருந்து வந்தது. திட்ட வாயெடுத்தவள் அவரை உட்காரவைத்து மிளகு வடை சுட்டுக் கொடுத்தேன். காரணம் கேள். கடுதாசி எழுதின மூணாம் நாள் பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாள் வந்து, “அக்கா, மாதா வணக்க மாசம் பொறந்திருச்சு, சுரூபத்துக்கு வைக்க வெள்ளைப்பூ தருவீங்களா?”ன்னு நின்னா. “அழுகினதுதான் கெடக்கு, எடுத்துக்க”ன்னேன். அவளும் அழுகலைக் கிள்ளி எறிஞ்சிட்டு, நல்லதைப் பறிச்சுக்கிட்டு, தெனமும் வந்தா. இன்னைக்குப் போய்ப் பாக்குறேன், அடுக்கு வெள்ளை பாத்தி கொள்ளாமப் பூத்து, சிவப்பு அதுக்கு முன்னாலே வெக்கப்பட்டு நிக்குது! ஆளை மயக்கினது ரகம் இல்லை தம்பி, பறிக்கிற கை. மொட்டை போட்டா முடி அடர்த்தியா வளர்ற சங்கதி எனக்கா தெரியாது, பழனிக்காரிக்கு? தெரிஞ்சும் புத்தியிலே ஏறலை. நாளையிலேர்ந்து ரோஸை லட்சுமிக்குப் பறிக்கப் போறேன். பட்டாப்பட்டிக்குத்தான் எந்தச் சாமின்னு விளங்கலை, மதுரையிலே யாரையாவது விசாரிச்சு உடனே எழுது. அதுவரைக்கும் முதலாளிகிட்டே வாயைத் திறக்காதே.