சாமிக்கு மாற்றல் கொடுத்த அக்கா

மரங்களுக்குப் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பெரட்டு அக்கா.

ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அக்கா தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, தாவரவியல் படித்து, ஈப்போவில் நாங்கள் வேலை பார்த்த பொதுத் தாவரப் பூங்காவுக்குத் தலைவியாக வந்தார். அப்போது நடைபாதையெல்லாம் லாலாங் புல். குரங்குகளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். ஆபீசில் கிளார்க்காக இருந்த எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. அக்கா என்னைத் தோட்டத்துப் பழக்கத்தில் 'கிராணி' என்பார்.

முதல் நாளே விசில் ஊதினார். மரத்துக்கு ஓர் ஆள் பொறுப்பு. "புன்னை!" என்று கூப்பிட்டால் பொறுப்பான ஆள் மரத்துக்காகக் கையைத் தூக்க வேண்டும்.

"இருக்கேன்க்கா. கொஞ்சம் பூச்சி அடிச்சிருக்கு."

"மருந்து எங்க? நாளைக்குப் பூச்சியும் பெரட்டுல வந்து நிக்குமா?"

திட்டிக்கொண்டேதான் செய்தோம், ஆனால் பூங்கா தேறிவிட்டது. ஆர்க்கிட் பூத்தது. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஊஞ்சல் போட்டோம்.

அந்த ஊஞ்சல் பக்கமாகச் சாய்ந்து நின்ற கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம்தான் வம்பு. உள்ளே உளுத்துவிட்டது. பிள்ளைகள் மேல் விழுந்துவிடுமோ என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்ட உத்தரவு வாங்கினார். அடையாளம் போடச் சாயம் தீர்ந்திருந்ததால், தன் மஞ்சள் துப்பட்டாவை எடுத்து மரத்தில் கட்டிவிட்டுப் போனார்.

மரத்தில் மஞ்சள் துணியைப் பார்த்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அந்த வாரக் கடைசிக்குள் எலுமிச்சம்பழம், சூடம், ஊதுபத்தி எல்லாம் வந்துவிட்டன. காம்பாரிலிருந்து ஒருவர் காரில் வந்து, விழுந்து கும்பிட்டு, லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார். அடித்ததாகவும் கேள்வி. நாங்கள் தடுப்புக் கயிறு கட்டினோம். கும்பிட வந்தவர்கள் பிள்ளைகுட்டியோடு அதைத் தாண்டிப் போனார்கள்.

மரம் வெட்டும் ஆறுமுகம் அண்ணன் ஆயர் தாவாரிலிருந்து மெஷின் ரம்பத்தோடு வந்தார். மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"சாமி மரம்லா அக்கா. என் கை விளங்காம போயிரும்."

"அண்ணே, அது என் துப்பட்டா! நான் கட்டுனது!"

"துணி உங்களோடதா இருக்கலாம்க்கா. அங்க வந்து குந்துனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா விசிலை எடுத்தார், ஊதாமலே பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

மறுநாள் தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு வந்தார். மரத்தின் முன் நிமிர்ந்து நின்று, எங்களிடம் பேசும் அதே அதிகாரக் குரலில் சொன்னார்: "சாமி, உங்களுக்கு மாத்தல் வந்திருக்கு. வாசல் கேட்டுப் பக்கத்துல ஆலமரம். நல்ல நிழல், நல்ல காத்து. வாங்க, போலாம்."

துணியை அவிழ்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு நடந்தார். கும்பிட வந்த கூட்டம் முழுக்கச் சூடத்தோடு பின்னாலேயே போனது. துணி ஆலமரத்தில் ஏறியது. ரம்பத்தோடு காத்திருந்த ஆறுமுகம் அண்ணன் பக்கம் அக்கா திரும்பினார்.

"அண்ணே, இப்ப அந்தப் பழைய மரத்துல யாரு இருக்கா?"

ஆறுமுகம் அண்ணன் தலையைச் சொறிந்தார். "யாரும் இல்லக்கா."

"அப்ப வெட்டுங்கலா!"

கயிறு கட்டி இழுத்த பக்கம் மரம் பத்திரமாகச் சாய்ந்தது. அடிமரத்துக்குள் வெறும் பொந்து. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். ஆறுமுகம் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளைக்கா" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா போய் ஊஞ்சலில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கிய அந்த மனுஷி இத்தனை நாளும் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் போய்ப் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்தேன்.

"என்ன கிராணி, ஆபீசுல வேலை இல்லையா?"

"இல்லக்கா."

வேலை குவிந்து கிடந்தது. அவர் எழுந்திருக்கும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.